மலேரியா குறைந்த மண்ணில் கர்ப்பிணியின் நிலை: தாய், நஞ்சுக்கொடி, சிசு குறித்த சான்றுகளின் மறுவாசிப்பு

1. கேள்வி

மதுரையிலிருந்து ராஜபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வருகிறது கிருஷ்ணன்கோவில். இங்கிருந்து பிரியும் சாலை வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கும் போகிறது. தெற்கே போனால் ராஜபாளையத்தின் நூற்பாலைகள், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி. கண்மாய்களும் கிணறுகளும் மாடித் தொட்டிகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காய்ச்சல் காலமும் தொடங்கிவிடும். அப்போது வீட்டிலும் மருத்துவமனையிலும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. மலேரியா என்ற பெயர் பாட்டி காலத்து நோயாக, வேறு எங்கோ இருக்கும் நோயாகவே ஒலிக்கிறது.

அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தமிழகத்தில் மலேரியா பெருமளவு குறைந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் சேர்த்தே ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவான நோயாளிகளே பதிவாகிறார்கள். 2027-க்குள் உள்ளூர்ப் பரவலை நிறுத்தி, 2030-க்குள் மலேரியாவை ஒழித்துவிடுவது இந்தியாவின் இலக்கு.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நோய் குறைந்த மண்ணில் வாழும் கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் அவளுக்கும், அவளது நஞ்சுக்கொடிக்கும், வயிற்றிலுள்ள சிசுவுக்கும் என்ன நேர்கிறது? நோய் குறைந்ததால் அதன் கடுமையும் குறைந்துவிட்டதா? கர்ப்பகால மலேரியா பற்றிப் பாடநூல்கள் தரும் சித்திரம் பெரும்பாலும் ஆப்பிரிக்க ஆய்வுகளிலிருந்து எழுந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் தாய்லாந்து எல்லையிலும் கிடைத்த சான்றுகள் வேறொரு சித்திரத்தைக் காட்டுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, நம் வட்டாரத்துக் கர்ப்பிணிக்கு எது பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலவும் புரிதல்: ஆப்பிரிக்கச் சித்திரம்

கர்ப்பகால மலேரியாவின் அறிவியல், நஞ்சுக்கொடியில் தொடங்கியது. 1915-இல் பனாமாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் கிளார்க், நஞ்சுக்கொடியின் ரத்தத்தை எடுத்துப் பூச்சுத் தகட்டில் பார்த்தால் மலேரியாவைக் கண்டறியலாம் என்று எழுதினார். 1925-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் பிளாக்லாக், கார்டன் ஆகியோரும், 1938-இல் கென்யாவில் கார்ன்ஹாமும் இதைத் தொடர்ந்தார்கள். தாயின் விரலில் எடுத்த ரத்தத்தில் ஒட்டுண்ணி தென்படாதபோதும் நஞ்சுக்கொடியில் அது திரண்டிருக்கக்கூடும் என்பது அக்காலத்திலிருந்தே மருத்துவர்களை உறுத்தி வந்த புதிர்.

புதிர் அவிழ ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. 1996-இல் மிகல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள், நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ என்ற சர்க்கரைச் சேர்மத்தில் ஒட்டிக்கொள்கின்றன. உடலின் மற்ற ரத்தக்குழாய்களில் ஒட்டும் ஒட்டுண்ணிகள் வேறு வகைப் பிடிமானங்களைப் பயன்படுத்துபவை. நஞ்சுக்கொடியில் தங்குபவை அதற்கென்றே தனிப் புரதம் ஒன்றை அணிந்து வருகின்றன. வார்2சிஎஸ்ஏ என்று பெயரிடப்பட்ட அந்தப் புரதம் பின்னர் அடையாளம் காணப்பட்டது.

இதனால் இன்னொரு புதிரும் தெளிந்தது. மலேரியா நிறைந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் பிறந்து வளர்ந்த பெண், இருபது வயதுக்குள் பலமுறை இந்நோய்க்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பாள். ஆயினும் முதல் கர்ப்பத்தில் அவள் மறுபடி பலவீனமாகிறாள். காரணம், நஞ்சுக்கொடி என்ற உறுப்பு அதுவரை அவள் உடலில் இருந்ததில்லை. அதில் ஒட்டும் ஒட்டுண்ணி வடிவத்தை அவளது எதிர்ப்பு மண்டலம் சந்தித்ததும் இல்லை. முதல் கர்ப்பத்தில் சந்தித்த பிறகு எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இரண்டாவது, மூன்றாவது கர்ப்பங்களில் ஆபத்து படிப்படியாகக் குறைகிறது.

ஆகவே ஆப்பிரிக்கச் சித்திரத்தின் கூறுகள் இவை: தாய்க்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம், நஞ்சுக்கொடி நிரம்பப் பாதிக்கப்பட்டிருக்கும், முதல் பிரசவமே அதிக ஆபத்துக்குரியது, விளைவு பெரும்பாலும் தாயின் ரத்தச் சோகையும் குழந்தையின் எடைக்குறைவும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் ஆப்பிரிக்காவின் 33 நாடுகளில் மட்டும் ஒரு கோடியே 27 லட்சம் கர்ப்பங்கள் மலேரியா தொற்றுக்கு உள்ளாயின. இத்தனை பெரிய சுமையின் நடுவில் உருவான அறிவு உலகப் பாடநூல்களை ஆள்வது இயல்பு. அதைப் பரவல் குறைந்த நாட்டில் அப்படியே பொருத்தும்போது பிழை நேர்கிறது.

3. நஞ்சுக்கொடியில் நடப்பது

நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை. சிசுவின் ரத்தக்குழாய்களைத் தாங்கிய மெல்லிய விரல் போன்ற நீட்சிகள், தாயின் ரத்தம் தேங்கி நகரும் இடைவெளியில் மூழ்கியிருக்கின்றன. உயிர்வளி, சர்க்கரை, அமினோ அமிலம் யாவும் அந்த நீட்சிகளின் தோல் வழியாகவே சிசுவுக்குப் போக வேண்டும். ரத்த ஓட்டம் மெதுவாக உள்ள அந்த இடைவெளிதான் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிக்கு வாய்ப்பான தங்குமிடம். மண்ணீரலுக்குப் போய் அழிபடாமல் அங்கே அது பெருகுகிறது.

ஒட்டுண்ணி மட்டுமே சேதம் விளைவிப்பதில்லை. அதை விழுங்க வரும் தாயின் வெள்ளணுக்கள் இடைவெளியில் குவிகின்றன. ஒட்டுண்ணி சிவப்பணுவைத் தின்று கழித்த கரும்பழுப்பு நிறமி அங்கே படிகிறது. ஃபைப்ரின் இழைகள் சேர்கின்றன. நீட்சிகளின் அடிச்சவ்வு தடிக்கிறது. அழற்சிப் பொருள்கள் பெருகும்போது அமினோ அமிலங்களைச் சிசுவுக்குக் கடத்தும் வழி சுருங்குவதையும் வளர்ச்சிக் காரணிகள் குறைவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒட்டுண்ணிகள் அழிந்து வெகுநாள் ஆன பின்னும் நிறமி எஞ்சியிருப்பதால், பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்ப்பவர் பழைய தொற்றையும் அடையாளம் காண முடிகிறது.

இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான விவாக்ஸ் வகையின் நிலை வேறு. அது இளம் சிவப்பணுக்களையே பெரிதும் தாக்கும். ஃபால்சிபாரம் போல நஞ்சுக்கொடியில் பெருந்திரளாக ஒட்டுவதில்லை. ஆகவே விவாக்ஸ் தொற்றிய தாய்மாரின் நஞ்சுக்கொடியில் மாற்றங்கள் குறைவாகவே காணப்படுகின்றன. இதை வைத்து ‘விவாக்ஸ் கர்ப்பத்துக்குத் தீங்கற்றது’ என்ற முடிவு நீண்டகாலம் புழங்கியது. அம்முடிவு தவறு என்பதற்கான சான்றுகளைப் பின்னர் பார்ப்போம்.

4. எதிர்ப்பாற்றல் இல்லாத தாய்: 1934–35 இலங்கை

பரவல் குறைந்த மண்ணில் கர்ப்பகால மலேரியா எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு நமக்கு மிக அருகில் கிடைக்கும் வரலாற்றுச் சான்று இலங்கையுடையது. 1934-இல் பருவமழை பொய்த்தது. எப்போதும் பெருக்கெடுத்து ஓடும் தென்மேற்கு ஈரவலய ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசு அந்தக் குட்டைகளில் பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூழ்ந்த கொள்ளைநோய் 1935-இன் இறுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது.

மலேரியா வறண்ட வலயத்தில் வழக்கமாக இருந்துவந்தது. மக்கள் அதற்கு ஓரளவு பழகியிருந்தார்கள். கேகாலை போன்ற ஈரவலயப் பகுதிகளில் மலேரியா அரிது. எனவே அங்குள்ளோர் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. பேரழிவு விழுந்தது அந்தப் பகுதிகளின் மீதே. திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்கள் வாழ்ந்த தீவு அது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டமும் அதில் சேர்ந்தது என்பதை நினைத்தால், இந்த வரலாறு இவ்வட்டாரத்துக்கு அயலானதல்ல.

கொழும்பில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஜி. ஏ. டபிள்யூ. விக்ரமசூரிய, அக்கொள்ளைநோயில் மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளை ஆய்ந்து 1935-இலும் 1937-இலும் எழுதினார். அவர் கணக்கில் வந்த 350-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் கருச்சிதைவிலோ, சிசு இறந்து பிறப்பதிலோ, பிறந்தவுடன் இறப்பதிலோ முடிந்தன. ஒட்டுண்ணி தாயிடமிருந்து சிசுவின் ரத்தத்துக்குள் கடந்து செல்வதையும் அவர் ஆராய்ந்தார்.

இந்தச் சான்றை எடைபோடும்போது இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மருத்துவமனைக்கு வந்தவர்கள் கடுமையாக நோயுற்றவர்கள். வீட்டிலேயே நோய் தீர்ந்தவர்கள் கணக்கில் இல்லை. ஆகவே 13 விழுக்காடு என்பது ஊர் முழுமைக்கான விகிதம் ஆகாது. இரண்டாவது, அது பஞ்ச காலம். வறட்சியும் பசியும் கொக்கிப்புழுவும் சேர்ந்து தாயின் ரத்தத்தை முன்பே வற்றச் செய்திருந்தன. விக்ரமசூரிய தமது நூலில் மலேரியாவோடு கொக்கிப்புழு நோயையும் இணைத்தே எழுதியது அதனால்தான். இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தாலும் மையச் செய்தி மாறவில்லை. காய்ச்சலே இல்லாத, நஞ்சுக்கொடியில் ஒளிந்த மலேரியா அல்ல அது. தாயைச் சாய்த்து, கருவைச் சிதைத்து, எத்தனையாவது கர்ப்பம் என்று பாராமல் தாக்கிய மலேரியா.

5. தாய்க்கு நேர்வது

எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கு ஃபால்சிபாரம் தொற்று கடுமையாகும் வாய்ப்பு, கர்ப்பமில்லாத பெண்ணைவிட அதிகம். காய்ச்சலோடு மூன்று ஆபத்துகள் தனித்துக் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ரத்தச் சர்க்கரை சட்டெனத் தாழ்வது. நோயாலும் தாழும், குயினைன் மருந்தாலும் தாழும். மயங்கிய கர்ப்பிணிக்குச் சர்க்கரை அளவு பார்க்காமல் விட்டால் மூளை மலேரியா என்று எண்ணிக்கொண்டே உயிரை இழக்க நேரிடும். இரண்டு, நுரையீரலில் நீர் கோப்பது. பிரசவத்தை ஒட்டி இது திடீரென வரலாம். மூன்று, ரத்தச் சோகை.

மூன்றாவது ஆபத்து தமிழகத்துக்கு நேரடியாகப் பொருந்தும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினர் ரத்தச் சோகை உள்ளவர்கள். ஏறத்தாழ பாதிப் பேர். இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை என்று சோகைக்கு நாம் தரும் விளக்கமும் மருந்தும் பெரும்பாலும் சரியே. ஆனால் ஏற்கெனவே ஹீமோகுளோபின் 8-லோ 9-லோ நிற்கும் தாய்க்குச் சிவப்பணுக்களை உடைக்கும் தொற்று வந்தால் அவள் விழும் ஆழம் அதிகம். பிரசவத்தின்போது சிறிது ரத்தம் போனாலும் அவள் உடல் தாங்காது.

நோய் அரிதான ஊரில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: நோயை இனம் காணாமல் போவது. மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும், டெங்குவிலும் குறையும். காய்ச்சல் காலத்தில் தட்டணு குறைந்த கர்ப்பிணியை டெங்கு என்று எண்ணுவது எளிது. மூளை மலேரியாவில் வரும் வலிப்பு, கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பைப் போலவே தோன்றும். மஞ்சள் காமாலையும் கல்லீரல் பாதிப்பும் வேறு கர்ப்பகால நோய்களை நினைவூட்டும். கொள்ளை கொள்ளையாக மலேரியா வரும் ஊரில் மருத்துவர் முதலில் அதைத்தான் நினைப்பார். அரிதாக வரும் ஊரில் கடைசியில்தான் நினைப்பார். இடையில் போகும் நாட்களே தாயின் உயிரைத் தீர்மானிக்கின்றன.

கொசுவும் கர்ப்பிணியை அதிகம் நாடுகிறது. காம்பியாவில் நடத்தி 2000-இல் லிண்ட்சே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளைத் தேடி வந்த கொசுக்கள் மற்றப் பெண்களைத் தேடி வந்தவற்றைப் போல் இருமடங்கு. கர்ப்பிணி வெளிவிடும் மூச்சு கூடுதல், வயிற்றுப்பகுதியின் வெப்பமும் கூடுதல் என்பதை அவர்கள் காரணமாகக் காட்டினர். அந்த ஆய்வு ஆப்பிரிக்கக் கொசு இனம் பற்றியது. ஆனால் மூச்சும் வெப்பமும் எந்தத் தாய்க்கும் பொதுவானவை என்பதால் நமக்கும் அது சிந்திக்கத்தக்கது.

6. சிசுவுக்கு நேர்வது

சிசுவின் மீதான தீங்கு எப்போது தொற்று வருகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. முதல் மூன்று மாதங்களில் வந்தால் கருச்சிதைவு. நடுவிலும் பின்னரும் வந்தால் வளர்ச்சிக் குறைவு, குறைப்பிரசவம், இறந்து பிறத்தல். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் இறந்து பிறக்கும் சிசுக்களில் ஐந்தில் ஒன்று வரை ஃபால்சிபாரம் மலேரியாவோடு தொடர்புள்ளதாக 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது.

முதல் மூன்று மாதங்கள் குறித்த வலுவான சான்று தாய்லாந்து–பர்மா எல்லையிலிருந்து கிடைக்கிறது. அங்கே ஷோக்லோ மலேரியா ஆய்வுப் பிரிவு, அகதி முகாம்களிலும் எல்லைக் கிராமங்களிலும் கர்ப்பிணிகளை வாரந்தோறும் பரிசோதித்து வந்தது. ரோஸ் மெக்ரெடி தலைமையில் 2012-இல் வெளியான ஆய்வு 17,613 கர்ப்பங்களைக் கணக்கில் எடுத்தது. முதல் மூன்று மாதங்களில் ஒரே ஒரு முறை மலேரியா வந்தாலே, அறிகுறி இல்லாதவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு சுமார் 2.7 மடங்கும் அறிகுறி உள்ளவர்களுக்கு சுமார் 4 மடங்கும் கூடியது. விவாக்ஸ் என்றாலும் ஃபால்சிபாரம் என்றாலும் இந்த ஆபத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இதே குழுவைச் சேர்ந்த ஃபிரான்ஸ்வா நோஸ்டன் 1999-இல் வெளியிட்ட விவாக்ஸ் ஆய்வு, கருச்சிதைவுத் தொடர்பு எதையும் காணவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அந்த ஆய்வு கண்டது வேறு: விவாக்ஸ் தொற்றிய தாய்மாரின் குழந்தைகள் சராசரி 107 கிராம் எடை குறைந்து பிறந்தன. முதல் கர்ப்பத்தைவிட அடுத்தடுத்த கர்ப்பங்களில் அந்த இழப்பு கூடுதல். ஆப்பிரிக்க ஃபால்சிபாரம் காட்டும் வரிசைக்கு இது நேரெதிர். பதிமூன்று ஆண்டுகள் கழித்து, இன்னும் பெரிய தரவுடன், முதல் மூன்று மாதங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது கருச்சிதைவு ஆபத்தும் வெளிப்பட்டது. ஓர் ஆய்வில் ஒரு தீங்கு தென்படவில்லை என்பதால் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதை இந்த இரு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன. விவாக்ஸ் லேசானது என்ற பழைய முடிவு இங்கே சரிகிறது.

பிறந்த குழந்தைக்கே மலேரியா இருப்பதும் உண்டு. பிறந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சல், பால் குடிக்காமை, வெளிறிய தோல், பெருத்த மண்ணீரல் எனத் தோன்றும் அது, பச்சிளம் குழந்தைகளின் கிருமித் தொற்றாகவே எண்ணப்பட்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் மட்டும் சிகிச்சை பெறும் அபாயம் உள்ளது. தாய்க்குக் கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா, எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

7. இந்தியச் சான்றுகளும் கொள்கை விவாதமும்

மத்திய இந்தியாவில் நீரு சிங் குழுவினர் ஜபல்பூர் மருத்துவமனையில் 1990-களில் நடத்திய ஆய்வு, இந்திய நிலையைத் தெளிவாகக் காட்டும் முன்னோடிப் பணி. கர்ப்பிணிகளிடம் மற்றப் பெண்களைவிட மலேரியா அதிகம் இருந்தது. ரத்தத்தில் ஒட்டுண்ணியின் அடர்த்தியும் கூடுதல். தொற்றிய தாய்மாரின் 155 குழந்தைகள், தொற்றாத தாய்மாரின் 175 குழந்தைகளைவிடச் சராசரியாக 350 கிராம் எடை குறைந்து பிறந்தன. மூளை மலேரியாவும் அங்கே பதிவாயிற்று. இது மருத்துவமனை சார்ந்த ஆய்வு என்பதால், விக்ரமசூரியவின் கணக்கைப் போலவே கடுமையான நோயாளிகளின் பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஜார்க்கண்டில் டேவிட் ஹேமர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சாதாரணக் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களைப் பார்த்தது. அவர்களில் 2 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவானோர் ரத்தத்தில்தான் ஒட்டுண்ணி இருந்தது. பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியில் தொற்று இருந்தவர்கள் 2.4 விழுக்காடு. ஜபல்பூரும் ஜார்க்கண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நூற்றில் இரண்டு பேருக்கு வரும் நோய், வந்தவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது என்று சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கேதான் கொள்கை விவாதம் தொடங்குகிறது. ஆப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு நோய் இருக்கிறதா என்று பாராமலே சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமின் மாத்திரையைத் தவணை தவணையாகத் தருகிறார்கள். நூற்றில் இரண்டு பேருக்காக மற்ற 98 பேருக்கும் மருந்து தருவதை நியாயப்படுத்த முடியாது என்பதால் இந்தியா அவ்வழியை ஏற்கவில்லை. மாற்று வழியாக, ஒவ்வொரு கர்ப்பகாலப் பரிசோதனையிலும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உடனடிப் பரிசோதனைப் பட்டையால் ரத்தம் பார்த்து, இருந்தால் மட்டும் சிகிச்சை அளிக்கும் திட்டம் ஜார்க்கண்டில் ஒரு பெரும் ஒப்பீட்டு ஆய்வாகச் சோதிக்கப்பட்டது. 2019-இல் வெளியான அதன் முடிவு ஏமாற்றம் தந்தது: காய்ச்சல் வந்தால் மட்டும் பரிசோதிக்கும் முறையைவிட இது நஞ்சுக்கொடி மலேரியாவைக் குறைக்கவில்லை.

இந்த முடிவை இருவிதமாகப் படிக்கலாம். பரிசோதனையே பயனற்றது என்பது ஒரு வாசிப்பு. அது தவறு. பரிசோதனைப் பட்டை, குறைந்த அடர்த்தியுள்ள தொற்றுகளைத் தவறவிடக்கூடியது. ஒப்பீட்டுக்கு வைத்த முறையிலும் காய்ச்சல் வந்த கர்ப்பிணி விடாமல் பரிசோதிக்கப்பட்டாள். ஆகவே அந்த ஆய்வு சொல்வது இதுவே: காய்ச்சல் வந்தவரைத் தவறாமல் சோதிக்கும் அமைப்பு ஒழுங்காக இயங்கினால், எல்லோரையும் மாதந்தோறும் சோதிப்பது கூடுதல் பயன் தருவதில்லை. ‘ஒழுங்காக இயங்கினால்’ என்ற நிபந்தனைதான் நம் ஊர்களில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சிகிச்சையில் ஐயம் குறைந்துவருகிறது. விவாக்ஸ் மலேரியாவுக்குக் குளோரோகுயின், கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் தரத்தக்கது. கல்லீரலில் உறங்கும் விவாக்ஸ் வடிவத்தை அழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பத்தில் தரக்கூடாது. ஆகவே பிரசவம் வரை நோய் திரும்பத் திரும்ப வரலாம், தொடர் கண்காணிப்பு தேவை. முதல் மூன்று மாதங்களில் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமெதர்–லூமிஃபான்ட்ரின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் பரிந்துரைத்தது. கடுமையான மலேரியாவில் ஊசிவழி ஆர்ட்டிசுனேட், குயினைனைவிட உயிர் காக்கிறது என்பதை ரூர்கேலா உள்ளிட்ட ஆசிய மருத்துவமனைகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு நிறுவியது: இறப்பு 22-லிருந்து 15 விழுக்காடாகக் குறைந்தது. மருந்து இருக்கிறது, நோய் என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

8. கிருஷ்ணன்கோவில் வட்டாரத்துக்குப் பொருத்தும்போது

இந்தச் சான்றுகளை ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் வைத்துப் பார்த்தால் ஒரே மகப்பேறு வார்டில் இரு வகைப் பெண்கள் அடுத்தடுத்த கட்டில்களில் இருக்கக்கூடும் என்பது புலப்படும்.

முதலாமவர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாழ்நாளில் மலேரியாவைச் சந்திக்காதவர். தொற்று நீடிக்கும் ராமேசுவரம் தீவுக்கோ, மாடித் தொட்டிகளில் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு வளரும் சென்னைக்கோ, வடமாநிலம் ஒன்றுக்கோ போய்வந்து தொற்றிக்கொண்டால் இவருக்கு 1934-இன் கேகாலைப் பெண்ணின் நிலைதான். கடுங்காய்ச்சல், விரைவில் ஆபத்து. முதல் கர்ப்பமா மூன்றாவதா என்பது இவருக்குப் பாதுகாப்பு ஆகாது.

இரண்டாமவர் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ நூற்பாலை வேலைக்கு வந்தவர், அல்லது வேலைக்கு வந்த கணவரோடு வந்தவர். மலேரியா பரவும் கிராமத்தில் வளர்ந்ததால் ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கலாம். காய்ச்சல் மிதமாகவோ இல்லாமலோ இருந்து, சோகையும் சிசுவின் எடைக்குறைவும் மட்டும் தென்படலாம். விவாக்ஸ் என்றால் ஊரை விட்டு வந்து பல மாதங்கள் ஆன பின்னும் கல்லீரலில் உறங்கியது விழித்தெழலாம். ‘இங்கே மலேரியா இல்லை’ என்ற உள்ளூர் அறிவு இவர் விஷயத்தில் செல்லாது. அவரது உடல் வேறொரு ஊரின் வரலாற்றைச் சுமந்து வந்திருக்கிறது.

வந்தவர்களால்தான் நோய் வருகிறது என்று விரல் நீட்டுவது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல. நம் ஊர்க்காரர்களும் கங்காணிகளின் பின்னால் கடல் கடந்து போய் அயல் மண்ணில் காய்ச்சலில் விழுந்தவர்களே. மேலும், பரப்பும் கொசு இங்கேயே இருக்கிறது. அறியாமல் விட்ட ஒரு தொற்று ஒரு மழைக்காலத்தில் பெருகக்கூடும். இலங்கையே இதற்குச் சாட்சி. 1963-இல் அங்கே 17 பேருக்கு மட்டுமே மலேரியா பதிவானது. கண்காணிப்பு தளர்ந்த சில ஆண்டுகளில், 1967 முதல், நோய் மீண்டும் லட்சக்கணக்கில் பரவியது. பிறகு விடாமுயற்சியால் 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளியைக் கண்டு, 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றைப் பெற்றது. சான்று பெற்ற பின்னும் வெளிநாட்டிலிருந்து வருவோரின் காய்ச்சலை அந்நாடு தொடர்ந்து சோதித்து வருகிறது.

9. முடிவுரை

ஆய்ந்த சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. நோய்ப் பரவல் குறைவதால் கர்ப்பிணிக்குத் தொற்றும் வாய்ப்பு குறைகிறது. தொற்றினால் ஏற்படும் தீங்கு குறைவதில்லை, எதிர்ப்பாற்றல் இல்லாததால் கூடுகிறது. நஞ்சுக்கொடியையும் முதல் கர்ப்பத்தையும் மையப்படுத்தும் ஆப்பிரிக்கச் சித்திரம் இங்கே பாதிதான் பொருந்தும். விவாக்ஸையும் முதல் மூன்று மாதங்களையும் எல்லாக் கர்ப்பங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் மருந்தோ எல்லோருக்கும் மாதப் பரிசோதனையோ நமக்குத் தேவையில்லை. காய்ச்சல் வந்த எந்தக் கர்ப்பிணியையும் மலேரியா பார்க்காமல் அனுப்பாத ஒழுங்குதான் தேவை.

அதற்குப் புதிய திட்டமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே கிராம சுகாதார செவிலியர் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கடந்த ஓராண்டில் எந்தெந்த ஊரில் இருந்தீர்கள், குளிர் காய்ச்சல் வந்ததா? பதிலைப் பேறுகால அட்டையிலேயே குறித்து வைக்கலாம். தமிழ் தெரியாத பெண்ணிடம் ஒடியாவிலோ இந்தியிலோ கேட்க ஆலையில் உடன் வேலை செய்யும் ஒருவரின் துணை பெறலாம். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் டெங்குப் பரிசோதனைச் சீட்டோடு மலேரியா ரத்தப்பூச்சையும் எழுதுவதை மருத்துவர்கள் வழக்கமாக்கலாம். முதல் முறை இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி பார்க்க வேண்டும். ஆலை விடுதிகளில் கொசுவலை கட்டுவதும் தொட்டிகளுக்கு மூடி போடுவதும் நிர்வாகங்களின் கடமை.

வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். எந்த ஊருக்குப் போய்வந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லி, மலேரியாவுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.